டல்லாஸிலிருந்து தங்கச்சிக்கு: இன்டர்ன்ஷிப் விஷயமாக

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே சுகம். அங்கே அம்மா, அப்பா, ஆச்சி எல்லோரும் சுகம்தானே? டல்லாஸில் குளிர் தொடங்கிவிட்டது. சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது.

அப்பா வாராவாரம் போனில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்: "விசா ஸ்பான்சர் பண்ற கம்பெனி ஏதாவது பாத்து வச்சிருக்கியா? பாப்பா வந்ததும் இன்டர்ன்ஷிப் கெடச்சிருமா?" ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிகிற காரியமில்லை, அதனால் எழுதியே அனுப்புகிறேன். நீ படித்துவிட்டு அப்பாவுக்கும் வாசித்துக் காட்டு.

முதலில் அப்பாவின் கேள்விக்குப் பதில். இன்டர்ன்ஷிப்புக்கு எந்தக் கம்பெனியும் உனக்கு விசா எடுத்துத் தர வேண்டியதில்லை. நீ எஃப்-1 மாணவர் விசாவில் வருகிறாய். படிப்போடு சேர்ந்த பயிற்சி வேலைக்கு அனுமதி கொடுப்பது பல்கலைக்கழகம்தான். அந்த அனுமதிக்குப் பெயர் சிபிடி. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் டிஎஸ்ஓ என்று ஓர் அதிகாரி இருப்பார். கம்பெனியின் பெயர், தொடங்கும் நாள், முடியும் நாள், முழுநேரமா பகுதிநேரமா என்பதையெல்லாம் பதிந்து புது ஐ-20, அதாவது பல்கலைக்கழகம் தரும் மாணவர் சான்றுப் படிவம், தருவார். அதன் இரண்டாம் பக்கம்தான் உன் வேலை அனுமதி. சிபிடிக்கு அரசாங்கத்திடம் தனியாக மனுப் போடவோ பணம் கட்டவோ வேண்டாம். கம்பெனி ஒரு ஆஃபர் லெட்டர் கொடுத்தால் போதும்.

இது பல கம்பெனிகளின் ஆட்சேர்ப்பு ஆட்களுக்கே தெரியாது. "வெளிநாட்டு மாணவரா, நாங்கள் ஸ்பான்சர் செய்வதில்லையே" என்று முதல் வரியிலேயே கதவைச் சாத்துவார்கள். அப்போது பதறாமல், "இந்த இன்டர்ன்ஷிப்புக்கு ஸ்பான்சர்ஷிப் தேவையில்லை, அனுமதியைப் பல்கலைக்கழகமே தரும், உங்களுக்குச் செலவும் இல்லை, மனுவும் இல்லை" என்று சொல். இந்த ஒரு வாக்கியத்தை இங்கிலீஷில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வருகிற மாதிரி பழகி வை.

ஆனால் விண்ணப்பப் படிவத்தில் பொய் எழுதாதே. "இப்போதோ பிற்காலத்திலோ ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?" என்று கேட்டால், ஆம் என்பதுதான் உண்மையான பதில். படிப்பு முடிந்து இங்கேயே வேலை பார்ப்பதென்றால் பின்னால் கம்பெனி எடுத்துத் தரும் எச்-1பி வேலை விசா தேவைப்படும். இல்லை என்று போட்டு உள்ளே போனவர்களின் ஆஃபர், பின்னால் விவரம் தெரிந்ததும் ரத்தாகிவிடுகிறது. கேள்வி இந்த இன்டர்ன்ஷிப்பை மட்டும் பற்றியதென்றால், இல்லை என்று போடலாம். அதனால் ஒவ்வொரு படிவத்திலும் கேள்வியை முழுக்க வாசித்துவிட்டுப் பதில் எழுது.

இனி காலக்கணக்கு. சிபிடிக்கு ஒரு முழுக் கல்வியாண்டு, அதாவது ஃபால், ஸ்பிரிங் இரண்டு செமஸ்டரும் முழுநேரமாகப் படித்திருக்க வேண்டும். ஆகஸ்டில் வந்தால் அடுத்த மே மாதம் தகுதி வந்துவிடும், முதல் கோடையே வேலைக்குப் போகலாம். சிக்கல் என்னவென்றால், பெரிய கம்பெனிகள் அடுத்த கோடைக்கான விண்ணப்பத்தை முந்தின ஆகஸ்ட், செப்டம்பரிலேயே திறந்துவிடுகின்றன. நீ பெட்டியைப் பிரித்து, வீடு பார்த்து, பேங்க் கணக்குத் தொடங்கும் அதே இரண்டு வாரத்தில் அங்கே இடங்கள் நிரம்பத் தொடங்கிவிடும். "முதல் செமஸ்டர் பழகிக்கொள்ளட்டும், ஜனவரியில் பார்க்கலாம்" என்று விடுகிறவர்கள்தான் ஏப்ரலில் கண்ணைக் கசக்குகிறார்கள். ரெசுமேயை ஊரிலேயே முடித்துக்கொண்டு விமானம் ஏறு. ஜனவரி, பிப்ரவரியில் நடுத்தரக் கம்பெனிகள் எடுக்கும், சின்னக் கம்பெனிகள் மார்ச், ஏப்ரல் வரைகூட எடுக்கும். செப்டம்பரில் தவறினால் எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிடவும் கூடாது.

ரெசுமே ஒரே பக்கம். போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், கல்யாணம் ஆச்சா ஆகலையா, எதுவும் வேண்டாம். கல்லூரி மதிப்பெண்ணை நீயாக அமெரிக்க முறைப்படி நாலுக்கு மாற்றாதே, 8.6/10 என்று இருந்தால் அப்படியே போடு. கேம்பஸ் வேலைகளுக்கு ஹேண்ட்ஷேக் தளத்தில் தேடு. "செக்யூரிட்டி கிளியரன்ஸ்", "யு.எஸ். சிட்டிசன்" என்ற சொற்கள் விளம்பரத்தில் இருந்தால் பெரும்பாலும் ராணுவமோ அரசாங்கமோ சார்ந்த வேலையாக இருக்கும், அங்கே நேரத்தைச் செலவழிக்காதே. மீதி நேரத்தில் உன் துறை சீனியர்களைத் தேடிப் பேசு. உள்ளே இருக்கும் ஒருவர் ரெஃபர் செய்தால் ரெசுமேயை ஒரு மனிதக் கண்ணாவது பார்க்கும்.

ஆஃபர் வந்ததும் சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டு ஓடிவிடாதே. லெட்டரில் என்ன இருக்கிறது என்று பார். கம்பெனி லெட்டர்ஹெட், உன் பொறுப்பின் பெயர், என்ன வேலை என்று இரண்டு மூன்று வரி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், தொடங்கும் முடியும் நாள், வேலை செய்யும் இடத்தின் முகவரி, மேற்பார்வையாளர் பெயர். ஒன்று விட்டுப்போனாலும் டிஎஸ்ஓ அலுவலகம் திருப்பிவிடும், கம்பெனியிடம் மறுபடி வாங்க ஒரு வாரம் போகும். லெட்டர் சரியாக இருந்தால் துறை ஆலோசகரின் ஒப்புதல் வாங்கி, பெரும்பாலான இடங்களில் ஒரு கிரெடிட் இன்டர்ன்ஷிப் பாடமும் பதிய வேண்டும். அந்த ஒரு கிரெடிட்டுக்கும் பல நூறு டாலர் கட்டணம் உண்டு, அப்பாவிடம் இப்போதே சொல்லி வை. இதற்கெல்லாம் பிறகுதான் டிஎஸ்ஓவிடம் மனு. பல பல்கலைக்கழகங்களில் ஐந்திலிருந்து பத்து வேலை நாள் ஆகும், மே மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் மொய்ப்பார்கள்.

நான் மிகவும் பயப்படும் இடம் ஒன்று உண்டு. ஐ-20இல் ஜூன் 1 என்று இருந்தால் மே 31 அன்று நீ ஒரு வேலையும் செய்யக்கூடாது. "ஒரு மணி நேர ஆன்லைன் ஓரியன்டேஷன்தானே, லேப்டாப்பைச் செட்டப் செய்துகொள்ளேன்" என்று மேனேஜர் அன்பாகச் சொல்வார். அவருக்கு விதி தெரியாது. அனுமதியில்லாத வேலை என்று பதிவானால் மாணவர் நிலையே போகும், அதைத் திரும்பப் பெறுவது லேசில்லை. கோடை முடிந்து "இன்னும் மூணு வாரம் இரு" என்றாலும் இதே கதைதான். நீட்டிப்பு புது ஐ-20இல் ஏறின பிறகுதான் அடுத்த நாள் வேலை. இன்னொரு கணக்கு: வாரத்துக்கு 20 மணி வரை பகுதிநேரம், அதைத் தாண்டினால் முழுநேரம். முழுநேர சிபிடி மொத்தம் 12 மாதத்தை எட்டினால், படிப்புக்குப் பின் கிடைக்கும் ஓபிடி என்ற வேலை அனுமதி முழுதாகப் போய்விடும். ஒரு கோடை என்பது 10, 12 வாரம்தான், அதில் பயமில்லை. வந்த முதல் நாளிலிருந்தே சிபிடி தருகிறோம் என்று ஆள் பிடிக்கும் கல்லூரிகள் பக்கம் மட்டும் போய்விடாதே. பின்னால் எச்-1பிக்கு மாறும்போது அந்தச் சிபிடியைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள்.

சம்பளத்துக்கும் வரிக்கும் வேண்டிய அரசாங்க எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லையென்றால், வேலை தொடங்கும் நாளுக்கு 30 நாள் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். பாஸ்போர்ட், நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவு, சிபிடி ஏறிய ஐ-20, ஆஃபர் லெட்டர் நாலும் கையில் இருக்கட்டும். அட்டை தபாலில் வர இரண்டு வாரம் போல ஆகும். அதுவரை வேலையைத் தொடங்கத் தடையில்லை. வேலை செய்யும் தகுதியைக் கம்பெனி சரிபார்க்கும் ஐ-9 படிவத்துக்கு மட்டும், சேர்ந்து மூன்று வேலை நாளுக்குள் அசல் காகிதங்களைக் காட்டிவிட வேண்டும்.

முதல் சம்பளச் சீட்டு வந்ததும் ஒன்றைப் பார். சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியத் திட்டத்துக்கு 6.2 சதவீதம், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவத் திட்டத்துக்கு 1.45 சதவீதம் பிடித்திருக்கிறார்களா? எஃப்-1 மாணவருக்கு முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் இரண்டும் கிடையாது. சம்பளப் பிரிவில் பழக்கத்தில் பிடித்துவிடுவார்கள். மணிக்கு 30 டாலர், வாரம் 40 மணி, 12 வாரம் என்றால் 14,400 டாலர். அதில் 7.65 சதவீதம் 1,101 டாலர் 60 சென்ட். அது ஒரு மாத வாடகைக்கு மேல். கம்பெனியிடமே கேட்டுத் திரும்ப வாங்கலாம். கூட்டரசு வருமான வரியிலும் இந்திய மாணவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆவது பிரிவின்படி ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடைக்கும். அந்த அளவு வருமானத்துக்கு வரி கிடையாது, 2025ஆம் ஆண்டுக்கு அது 15,750 டாலர். 14,400 மட்டும் சம்பாதித்தவருக்கு அந்த வரியே வராது, பிடித்தது திரும்ப வரும். அதற்கு ஏப்ரல் 15க்குள் 1040-என்ஆர் வரிக்கணக்குப் படிவத்தையும், வெளிநாட்டு மாணவருக்கான 8843 படிவத்தையும் அனுப்ப வேண்டும்.

நிஜமான ஸ்பான்சர் கேள்வி படிப்பு முடிந்த பிறகுதான் வரும். ஓபிடியில் 12 மாதம், உன்னுடையது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்பு என்பதால் இன்னும் 24 மாதம். அதற்குள் கம்பெனி உன் பெயரை மார்ச் மாத எச்-1பி குலுக்கலில் போட வேண்டும். வருஷத்துக்கு 85,000 இடம், அதில் 20,000 இங்கே முதுகலை முடித்தவர்களுக்கு. 2025 செப்டம்பரில் வந்த ஒரு லட்சம் டாலர் எச்-1பி கட்டணத்தைப் பார்த்து அப்பா பயந்தாரே, நாட்டுக்குள்ளேயே எஃப்-1இலிருந்து மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் அக்டோபரில் விளக்கம் கொடுத்தது. எந்தக் கம்பெனி உண்மையில் எச்-1பி எடுக்கிறது என்பதை யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் எம்ப்ளாயர் டேட்டா ஹப் பகுதியில் பெயர் போட்டே பார்க்கலாம். இன்டர்ன்ஷிப் தேடும்போதே அதைப் பார்த்து வை. கோடையில் நன்றாக வேலை பார்த்தவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். பணம் கட்டினால் ஆஃபர் லெட்டர் தருகிறோம் என்று கன்சல்டன்சி யாராவது போன் செய்தால் வைத்துவிடு. அந்தக் காகிதம் உன்னையும் மாட்டிவிடும்.

கடைசியாக ஒன்று, இதை இந்த வாரமே செய்ய வேண்டும். உன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார். குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கிறதா? நம் ஊரில் இனிஷியல்தானே, பலருக்கு அது வெறுமையாகத்தான் இருக்கும். அப்படி வந்தால் அமெரிக்க விசாவில் உன் பெயர் குடும்பப்பெயர் ஆகிவிடும், சொந்தப் பெயர் இருக்கும் இடத்தில் எஃப்என்யு என்று அச்சாகும். பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். பிறகு ஆஃபர் லெட்டரில் ஒரு பெயர், ஐ-94இல் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் ஒரு பெயர் என்று ஒவ்வோர் இடத்திலும் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நெல்லை பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் ரீஇஷ்யூவுக்குப் போட்டு அப்பா பெயரைக் குடும்பப்பெயராகச் சேர்த்துவிடு. புதுப் பாஸ்போர்ட் நகலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, ஐ-20 அந்தப் பெயரில் வந்த பிறகே விசாவுக்குத் தேதி வாங்கு. அப்பாவின் பெயர் அவருடைய ஆதாரிலும் உன் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்து எனக்கு போட்டோ எடுத்து அனுப்பு.

ஆச்சியிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்