மூன்றாமவன் கட்டிய கோயில்

அன்புள்ள சின்னவனுக்கு,

போன மாதம் பாங்காக்கில் உன்னோடு இருந்தபோது, நீ ஆபீஸ் போன நேரத்தில் நான் தனியாக அயூத்தியாவுக்கு ரயிலேறிப் போய்வந்தேன் இல்லையா, அதற்கு நீ "அங்கே இடிஞ்ச செங்கல்தானேப்பா இருக்கு" என்றாய்.

செங்கல்தான், யார் இல்லையென்றது. 1351-இல் தொடங்கி நானூறு வருஷத்துக்கு மேல் சயாமின் தலைநகரம், மூன்று ஆறுகள் சுற்றி ஓடும் தீவு, பாரசீகர், ஜப்பானியர், டச்சுக்காரர் என்று ஊர்ப்பட்ட பேர் வந்து வியாபாரம் செய்த இடம். 1767-இல் பர்மியப் படை ஒரு வருஷத்துக்கு மேல் முற்றுகையிட்டு எரித்துவிட்டது. மிச்சமிருந்த செங்கலில் நிறைய, படகேறி உன் பாங்காக்கைக் கட்டத்தான் போனது, தெரியுமா?

நான் சொல்ல வந்தது அதுவல்ல. வாட் ராட்சபுரணா என்று ஒரு கோயில். 1424-இல் ராஜா செத்ததும் மூத்த இரண்டு பிள்ளைகளும் பட்டத்துக்காக யானைமேல் ஏறி மோதி, இரண்டு பேருமே செத்துப்போனார்கள். மூன்று பிள்ளைகளுக்கும் ஆய், யீ, சாம் என்று பெயர். பழைய தாய்லாந்து மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று, அவ்வளவுதான், நம் வீட்டில் பெரியவன் சின்னவன் என்கிற மாதிரி. சண்டைக்கே போகாத சாம் ராஜாவாகி, அண்ணன்களை எரித்த இடத்தில் அந்தக் கோயிலைக் கட்டினான். கோபுரத்துக்குள் செங்குத்தான படி இறங்குகிறது, முட்டி வலியோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். புழுக்கம், சுவரில் மங்கிய சிவப்பில் சித்திரம், மற்றபடி காலி அறை. உள்ளே குவித்துவைத்திருந்த தங்கத்தை 1957-இல் திருடர்கள் தோண்டி அள்ளிப் போய்விட்டார்கள், மீட்டதும் மிஞ்சியதும் பக்கத்து மியூசியத்தில் இருக்கிறது. அந்த மியூசியத்துக்கும் சாமின் பெயர்தான்.

அந்தப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது, நம் வீட்டில் மூன்றாவது பிள்ளையும் இல்லையே என்று நினைத்துச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. வீட்டுப் பத்திரம் என் பீரோவில்தான் இருக்கிறது, எங்கேயும் ஓடிப்போகாது.

பெரியவன் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறான். ஒரு மணி வாக்கில் போன் பண்ணு. நான் எடுக்கமாட்டேன், அவனை எடுக்கச் சொல்கிறேன்.

அப்பா