போகிக்கு முன் பழைய டயர் சேகரிப்பு

அனைவருக்கும் வணக்கம். மாடியிலும் காம்பவுண்டு ஓரத்திலும் கிடக்கும் பழைய டயர்களை வரும் ஞாயிறு காலை 7 மணிக்குள் மெயின் கேட் அருகே வைத்துவிடுங்கள். மறுசுழற்சிக்கு எடுத்துப்போக வண்டி வருகிறது. உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசுவின் முட்டை காய்ந்த டயரிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும்.

போகிக்கு என்று ஒன்றைக்கூட ஒதுக்கி வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். எரித்தால் மிஞ்சுவது கரும்புகையும் நச்சு நெடியும்தான். அதையே அரைத்தால் உள்ளிருக்கும் கம்பி தனியாகப் பிரிந்து இரும்பு உருக்கப் போகும்; ரப்பர் தூளைத் தாரோடு கலந்து சாலை போடலாம், தரைவிரிப்பும் செய்யலாம். மறுசுழற்சிக்கு டயர் தயாரிப்பாளர்களே பொறுப்பு என்று 2022-லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது.

ரிம்மைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். முடியாதவர்கள் இங்கே சொன்னால் ஆள் அனுப்புகிறோம்.