குப்பம் மறுசீரமைப்புப் பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நமது மீனவக் குப்பத்தின் பழைய அடுக்கு வீடுகளை இடித்துக் கட்டி, அதே மனையில் வெளியாருக்கான விற்பனை வீடுகளையும் சேர்த்து ஒரே குடியிருப்பாக அமைக்கும் பணி நிறைவடைந்து, பொதுப்பகுதிகள் உரிமையாளர் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டன. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு தனி இணைப்பாக வழங்கப்பட்டிருப்பதால், தொகைகளை இங்கே திரும்பச் சொல்லவில்லை. எந்தக் காரணங்களால் எந்த முடிவுகள் எடுக்கப்பட்டன என்பதையே இப்பணியை நடத்திய குழு இங்கு பதிவு செய்கிறது. பின்னால் வரும் நிர்வாகிகள் இம்முடிவுகளில் ஒன்றை மாற்ற முற்பட்டால், அது எதைக் காப்பதற்காக எடுக்கப்பட்டது என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

வரைபட வேலையில் குழு முதலில் அளந்தது மணற்பரப்பைத்தான். சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களைக் கட்டும் வேலை 1876-இல் தொடங்கிய பின், கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் துறைமுகத்துக்குத் தெற்கில் தேங்கி மெரினாவை அகலமாக்கியது. வடக்கே இராயபுரம் பக்கம் மணல் வரத்துக் குறைந்து கரை அரிபட்டது. இப்படிக் கிடைத்த அகலமான கரையில்தான் தெற்கே உள்ள நாம் படகு ஏற்றுகிறோம், வலை உலர்த்துகிறோம், ஏலம் விடுகிறோம், மீன் காயவைக்கிறோம். ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் அது வெறும் புறம்போக்கு. வீட்டுக்காவது ஒதுக்கீட்டு ஆணை என்று ஒரு தாள் இருந்தது. கரைக்கு அதுவும் இல்லை. புது வீடு கிடைத்த மகிழ்ச்சியில் கரை கைநழுவிப் போகுமானால் இந்தப் பணியே வேண்டாம் என்று முதல் ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் சொன்னதையே குழு தன் முதல் நிபந்தனையாக எடுத்துக்கொண்டது.

இந்த அச்சம் காரணமில்லாமல் வந்ததன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், 2005 மார்ச் 30-ஆம் நாளிட்ட அரசாணை 172, கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லையான உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் அப்பால் செல்ல இசைந்தால் புது வீடு உண்டு என்றும், அதற்கு ஈடாகப் பழைய மனையை எழுதிக்கொடுக்க வேண்டும் என்றும், இருந்த இடத்திலேயே தங்குவோருக்கு அந்த உதவி கிடையாது என்றும் வகுத்தது. நகரக் கடற்கரையிலிருந்து செம்மஞ்சேரிக்குப் போன குடும்பங்களின் நிலையை நாம் அறிவோம். விடியுமுன் காற்றையும் அலையையும் நீரின் நிறத்தையும் பார்த்துவிட்டே படகை இறக்கலாமா என்று முடிவு செய்கிற தொழிலுக்கு, கடல் தெரியாத தொலைவில் எவ்வளவு நல்ல வீடு கொடுத்தாலும் அது பாதி வீடுதான்.

இருக்கிற இடத்திலேயே கட்டுவதற்கு வழிவிட்டது, கடலோரக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் வந்த ஒரு மாற்றம். நகர்ப்புறக் கடற்கரைகள் அடங்கும் இரண்டாம் வகை மண்டலத்தில், ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அங்கீகாரம் பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாக மட்டுமே கட்ட முடியும் என்ற விதி நீடிக்கிறது. ஆனால் 2011 அறிவிக்கை வரை 1991 நிலையிலேயே உறைந்திருந்த தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனையின் பரப்புக்கு எவ்வளவு தளம் கட்டலாம் என்ற வரம்பு, 2019 ஜனவரி 18 அறிவிக்கையால் தளர்த்தப்பட்டது. நமது குடும்பங்களுக்கான வீடுகள் போக மீதித் தளப்பரப்பு கிடைத்ததும், அதை விற்றுக் கட்டுமானச் செலவை ஈடுகட்ட முடிந்ததும் இதனால்தான். பல வருமானத்தினரும் கலந்து வாழும் குடியிருப்பு என்று இதைப் பாராட்டிப் பலர் பேசுகிறார்கள். விற்பனை வீடுகள் நம்மிடம் வந்தது முதலில் பணத் தேவையால்தான் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

விற்பனை வீடுகளை எங்கே வைப்பது என்பதே மிக நீண்ட விவாதமாக இருந்தது. கடலைப் பார்த்த முன்வரிசையை விற்பனைக்கு விட்டு, நம் வீடுகளைச் சாலைப் பக்கம் தள்ளினால் வருமானம் கணிசமாகக் கூடும் என்று ஆலோசகர்கள் கூறினார்கள். அவர்கள் கணக்கில் பிழை இல்லை. ஆயினும் கடற்காட்சி வாங்குபவருக்கு அழகு, நமக்கு அது தொழில்; ஆகவே முன்வரிசை முழுவதும் குப்பத்துக் குடும்பங்களுக்கே ஒதுக்கப்பட்டு, குறைந்த வருமானத்தைச் சாலையோரக் கடைகளின் வாடகையால் ஈடுசெய்யத் தீர்மானிக்கப்பட்டது. தனி வாசலுடன் தனிக் கோபுரமாக விற்பனை வீடுகளைக் கட்டும் யோசனையும், ஒரே மாடிப்படியில் இரு தரப்பினரையும் கலந்து வைக்கும் யோசனையும் கைவிடப்பட்டன. முன்னது நாளடைவில் சுவர் எழுப்பி இரண்டு ஊர் ஆக்கிவிடும். பின்னதில் மின்தூக்கிக்கும் காவலுக்கும் யார் எவ்வளவு தருவது என்ற சண்டை ஓயாது. தனித்தனிக் கட்டடங்கள், ஒரே தெரு, ஒரே வாசல், ஒரே தண்ணீர் இணைப்பு என்பதே இறுதி ஏற்பாடு. பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்தின் கூட்டாண்மைப் பிரிவு, 2015-இல் தொடங்கியபோது, 35 விழுக்காடு வீடுகள் பொருளாதாரத்தில் நலிவுற்றோருக்கு இருந்தால் போதும் என்றது. குப்பத்துக் குடும்பங்கள் எக்காலத்திலும் சிறுபான்மை ஆகக்கூடாது என்பதால் குழு அந்த அளவோடு நிற்கவில்லை.

வீடுகளை எண்ணுவதிலும் சிக்கல் இருந்தது. குடும்ப அட்டை ஒரு எண்ணிக்கையைச் சொன்னது, பழைய ஒதுக்கீட்டுப் பட்டியல் வேறொன்றைச் சொன்னது, ஊர் வரி வசூலிக்கும் தலைக்கட்டுக் கணக்கு மூன்றாவதாக ஒன்றைச் சொன்னது. திருமணமான மகன் தனித் தலைக்கட்டாக வரி கொடுத்துக்கொண்டு பெற்றோர் வீட்டிலேயே இருப்பது நம்மிடையே வழக்கம் என்பதால், ஊர்ப் பஞ்சாயத்தின் தலைக்கட்டுப் பேரேடே அடிப்படையாக ஏற்கப்பட்டது. பத்திரங்கள் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாகியுள்ளன. கணவனை இழந்து மீன் விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்கள் தலைக்கட்டுப் பேரேட்டில் இல்லாததால், அவர்கள் தனியாகச் சேர்க்கப்பட்டார்கள்.

கீழ்த்தளத்தில் வீடு எதுவும் இல்லை. படகின் பின்புறம் மாட்டும் வெளிப்பொருத்து எஞ்சினையும் ஈர வலையையும் ஐஸ் பெட்டியையும் மூன்றாம் மாடிக்குத் தூக்கிச் செல்ல இயலாது. முன்பு அவை மாடிப்படியின் அடியிலும் நடைபாதையிலும் கிடந்ததை ஒழுங்கின்மை என்று அதிகாரிகள் குறைகூறினார்கள், வைக்க இடமில்லாததுதான் உண்மைக் காரணம். இப்போது கீழ்த்தளம் முழுவதும் வலைக் கொட்டடிகளாகவும் வலை பின்னும் கூடமாகவும் உள்ளது. கொட்டடி படகுக்கு ஒன்று என ஒதுக்கப்பட்டிருக்கிறது. படகை விற்றால் கொட்டடியும் ஊருக்குத் திரும்ப வேண்டும், அதை வாகன நிறுத்தமாக வாடகைக்கு விடக்கூடாது. கடல் நீர் ஏறினாலும் குடியிருப்புக்குள் வராது என்பது இந்த அமைப்பின் கூடுதல் நன்மை.

கட்டுமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துக் கூரை பெயர்ந்து விழுந்த பழைய வீடுகளை மனத்தில் வைத்து, காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 கடலோரச் சூழலுக்குக் கோரும், கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடாப்பு ஒவ்வொரு தளத்திலும் வார்ப்புக்கு முன் அளந்து பார்க்கப்பட்டது. ஏலக்கூடத்துக் கழிவுநீர் செதில் வடிகட்டியின் வழியாகத் தனிக் குழாயில் செல்கிறது.

விற்பனைப் பத்திரங்களில் ஒரு நிபந்தனை உண்டு. விடியலுக்கு முன் ஏலச் சத்தமும் எஞ்சின் சத்தமும் இருக்கும், கருவாட்டு வாடை இருக்கும், இவற்றைத் தொல்லை என்று புகார் செய்ய இயலாது என்பதை வாங்குபவர் ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறார். இதைப் படித்துவிட்டுச் சிலர் வாங்காமல் போனார்கள். குடியேறிய பின் கோபப்படுவதைவிட அது இரு தரப்புக்கும் நல்லது. சங்கத்தின் துணைவிதிகள் வீட்டின் பரப்பைப் பார்க்காமல் ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு என்று வைத்திருக்கின்றன. குப்பத்து வீடு விற்பனைக்கு வந்தால் ஊராருக்கே முதல் உரிமை. படகு நிறுத்துமிடம், ஏலம், கரை முறை ஆகியவற்றில் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. அவை முன்போலவே ஊர்ப் பஞ்சாயத்தைச் சேர்ந்தவை.

முடியாமல் நிற்பது ஒன்று, அதுவே பெரியது. மீனவக் குடியிருப்புகளையும், மீன் உலர்த்தும் தளம் முதலிய பொதுச் சொத்துகளையும் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் சர்வே எண் அளவில் காட்ட வேண்டும் என்று அறிவிக்கை கூறுகிறது. நமது கரை அவ்வாறு குறிக்கப்படாத வரை, வேறொரு துறை அங்கே சாலையோ பூங்காவோ வரைய இயலும். நாம் தயாரித்த அளவை வரைபடமும் மனுவும் மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்திடம் அளிக்கப்பட்டுள்ளன. குழு கலைக்கப்பட்ட பின் இந்த மனுவைத் தொடர மூவரைப் பொதுக்குழு தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது மீன் விற்கும் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது குழுவின் பரிந்துரை. கோப்புகள், மூல வரைபடங்கள், தலைக்கட்டுப் பேரேட்டின் நகல் ஆகியவை பஞ்சாயத்து அலுவலகத்தில் உறுப்பினர் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன.