பார்ன் விருந்தினராக வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய அறிவியல் நாளுக்கு நீங்கள் போட்ட சர் சி.வி. ராமன் சிறப்புப் பக்கத்தை, அவர் பிறந்த அதே திருவானைக்காவலில் உட்கார்ந்து படித்தேன். ஊர்ப் பெருமையை விடமுடியுமா, கத்தரித்தும் வைத்துக்கொண்டேன். ஆனால் ஒரு வரி உறுத்துகிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் மாக்ஸ் பார்ன் 1935இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு 'விருந்தினர் பேராசிரியராக' வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலையும் போய் நாடும் போய், நிற்க ஓர் இடம் தேடி வந்தவர் ஐயா அவர்.

நான் 31 ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் நடத்தினேன். குவாண்டம் இயற்பியல் கணக்குகளில் வரும் 'பார்ன் தோராயம்' என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார் என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை, எனக்கே தெரியாது. பள்ளி வேதியியலில் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பார்ன்–ஹேபர் சுழற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு பேருமே 1933இல் ஜெர்மனியை விட்டுப் போனவர்கள். ஹேபர் அடுத்த ஜனவரியிலேயே சுவிட்சர்லாந்தில் இறந்துபோனார்.

பணி ஓய்வுக்குப் பிறகு மகளைப் பார்க்க ஜெர்மனியில் கோட்டிங்கன் போனபோதுதான் இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது. அந்த ஊர் மயானத்தில் பார்னின் கல்லறை இருக்கிறது. கல்லில் ஒரு சமன்பாடு செதுக்கியிருக்கிறார்கள்: பீ (உந்தம்), க்யூ (இருப்பிடம்) இரண்டையும் இடம் மாற்றிப் பெருக்கினால் விடை மாறும் என்கிற, குவாண்டம் இயக்கவியலின் அந்த அடிப்படைச் சமன்பாடு. "ஊர் சுத்திப் பாக்க வந்துட்டு சுடுகாட்டுக்குப் போறது நீங்க ஒருத்தர்தாம்ப்பா" என்றாள் மகள். திரும்பியதும் நூலகத்தில் அவருடைய நினைவுக் குறிப்புகளைத் தேடி எடுத்துப் படித்தேன்.

1933 ஏப்ரல் 7 அன்று நாஜி அரசு ஒரு சட்டம் போட்டது. யூத ஆசிரியர்களை அரசுப் பணியிலிருந்து வெளியே தள்ளுவதற்கான சட்டம். பார்னுக்கும் வேலை போயிற்று. கேம்பிரிட்ஜில் ஒரு தற்காலிகப் பணி கிடைத்தது. அதுவும் முடியப்போகிற நேரத்தில்தான் ராமன் பெங்களூருக்குக் கூப்பிட்டார். மனைவியோடு வந்து ஆறு மாதம் போல இருந்தார். அவரை நிரந்தரப் பேராசிரியராக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ராமனின் ஆசை. ஆசிரியர்கள் கூடிய கூட்டத்தில் பார்ன் முன்னிலையிலேயே அவரைப் புகழ்ந்து பேசினார். அடுத்து எழுந்த ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர், சொந்த நாடு துரத்திவிட்ட இரண்டாந்தர வெளிநாட்டுக்காரர் நமக்கு எதற்கு என்கிற பாணியில் பேசினார். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் அழுததாகப் பார்னே எழுதியிருக்கிறார்.

அந்த நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1936இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகம் அவரை எடுத்துக்கொண்டது. அங்கே 17 ஆண்டுகள் பணியாற்றினார், 1954இல் நோபல் பரிசு வந்தது. நோபல் வாங்கியவரைக் கைவிட்டோமே என்பதல்ல என் வருத்தம். வாங்காமல் போயிருந்தாலும் அவருக்கு ஒரு நாற்காலி தேவைப்பட்டிருக்கும்.

அதே 1933இல் லண்டனில் வில்லியம் பெவரிட்ஜ் என்பவர் முன்கை எடுத்து, துரத்தப்பட்ட ஆசிரியர்களுக்கென ஓர் உதவி மன்றம் தொடங்கினார். தலைவர் அணு விஞ்ஞானி ரூதர்ஃபோர்டு. லண்டன் பொருளாதாரப் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள். மன்றம் பெயர் மாறி இன்றும் இயங்குகிறது. இன்னொரு கதை இதைவிட விசித்திரமானது. பிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஜூரிச்சுக்குத் தப்பிய பிலிப் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவப் பேராசிரியர், தன்னைப் போன்றவர்களுக்காகத் துருக்கி அரசிடம் பேசி, இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கிக் கொடுத்தார். அவர் பெயரில்தான் 2015இல் ஜெர்மனியின் ஹும்போல்ட் அறக்கட்டளை, ஆபத்தில் இருக்கும் ஆய்வாளர்களுக்கு ஒரு ஃபெலோஷிப் (உதவித்தொகை) தொடங்கியது. 2016இல் குர்து மக்கள் வாழும் பகுதிகளில் அமைதி கேட்டு ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டதற்காக வேலை இழந்த துருக்கி ஆசிரியர்கள் பலர் ஜெர்மனிக்குத்தான் போனார்கள். எண்பது ஆண்டுகளில் வழி தலைகீழாகத் திரும்பிவிட்டது பாருங்கள்.

அந்த ஃபெலோஷிப்பில் விண்ணப்பம் போடுவது ஓடி வந்தவர் அல்ல, அவரை ஏற்கும் பல்கலைக்கழகம். கொடுப்பதும் பெரிதாக ஒன்றுமில்லை: குறிப்பிட்ட காலத்துக்குச் சம்பளம், ஒரு மேசை, நூலக அட்டை, விசாவுக்கு ஒரு கடிதம். காலம் முடிந்தபின் என்ன என்ற கேள்வி அங்கேயும் தீரவில்லை. கேம்பிரிட்ஜில் பார்னுக்கு இருந்த அதே கவலைதான்.

இப்படித் துரத்தப்பட்ட ஆசிரியர்களுக்கு நம் பல்கலைக்கழகங்களும் இடம் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. நம் பிள்ளைகளே பிஎச்.டி. முடித்துவிட்டுக் கௌரவ விரிவுரையாளர்களாகக் காலம் தள்ளும்போது வெளியாருக்கு எங்கே இடம் என்று கேட்பீர்கள். என் பழைய மாணவர்களில் நாலைந்து பேர் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு ஒரே ஓர் இடம், அதுவும் காலியாகக் கிடக்கும் பணியிடங்களைத் தொடாமல், தனி நிதியிலிருந்து என்றால் யார் பங்கு குறையும்? திபெத்திலிருந்து வந்த அறிஞர்களுக்காக 1967இல் சாரநாத்தில் ஒரு நிறுவனமே கட்டிக் கொடுத்த நாடு இது. அப்புறம், இது நமக்குத் தூரத்துச் செய்தியும் அல்ல. இலங்கையின் கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ரவீந்திரநாத் 2006 டிசம்பர் 15 அன்று கொழும்பில் காணாமல் போனார். திரும்பி வரவே இல்லை.

புயல், சுனாமி என்று எங்கள் ஆசிரியர் சங்கம் கேட்டபோதெல்லாம் ஒரு நாள் சம்பளத்தை முகம் சுளிக்காமல் கொடுத்திருக்கிறோம். இதற்கும் அப்படி ஒரு நிதியை நம் பல்கலைக்கழகங்களில் ஏதாவது ஒன்று தொடங்கட்டும். என் ஓய்வூதியத்தில் ஒரு நாள் தொகையை அனுப்பி வைக்கிறேன். ராமன் பக்கத்தில் அந்த ஒரு வரியையும் திருத்திப் போட்டால் நன்றி உடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருவானைக்காவல், திருச்சி.