திருத்தித் தர ஆளில்லாத கணிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள், வகுப்புக் கணக்குகளை மற்றவர்களுக்கு முன்பே போட்டு முடித்துவிடுவதால், சில மாதங்களாக நூலகத்திலிருந்து எண் கோட்பாட்டு நூல்களை எடுத்துவந்து தானாகவே படித்து வருகிறாள். பகா எண்கள் முடிவற்றவை என்பதற்கான யூக்ளிடின் நிரூபணத்தைப் படித்தவள், முதல் சில பகா எண்களைப் பெருக்கி 1 கூட்டினால் எப்போதும் பகா எண்ணே கிடைக்கும் என்று நோட்டில் எழுதி, அடிக்கோடும் இட்டிருந்தாள். 2 முதல் 13 வரையுள்ள பகா எண்களைப் பெருக்கி 1 கூட்டினால் வரும் 30031, உண்மையில் 59, 509 ஆகியவற்றின் பெருக்குத்தொகை என்பதை அவளே கண்டுபிடிக்க நான்கு நாட்கள் ஆயின. (அந்த நான்கு நாட்களும் வீட்டில் யாருடனும் சரியாகப் பேசவில்லை.) செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் எனக்கு அந்தப் பிழையைச் சுட்டிக்காட்டும் அளவுக்குக் கணிதம் தெரியாது.

நூல்கள் கிடைக்கின்றன, எழுதியதைப் படித்துப் பார்த்து, தவறு எந்த வரியில் நுழைந்தது என்று சொல்லத்தான் ஆளில்லை. பெரியார் பல்கலைக்கழகமும் அரசுக் கலைக் கல்லூரிகளும் உள்ள சேலத்தில், முதுநிலைக் கணித மாணவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமையாவது இத்தகைய பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தித் தர, கல்வித்துறை ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தந்தை,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.