இரவல் மம்பட்டி

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்பியிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு எனக்குப் போனில் பதில் வரவில்லை, அப்புறம் நாலு நாளாக வயலில் நிற்கும்போதெல்லாம் அதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதி, அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டு அனுப்புகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பஸ்ஸில் போகும்போது படி.

நீ ஒரு வாரம் மெனக்கெட்டு எழுதும் அறிக்கையை இப்போது உன் பெங்களூர் ஆபீஸில் அந்தச் செயற்கை நுண்ணறிவு அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறது என்றாய். "எல்லாத்தையும் அதுவே செஞ்சிடும்னா மனுஷன்னு நாம எதுக்குப்பா?" என்று கேட்டாய். அதற்கு நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, பேச்சோடு பேச்சாக, போன மாதம் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்ததையும் சொன்னாய். "யாருக்கும் தொந்தரவு குடுக்கலப்பா. மாத்திரை, கஞ்சி, இளநி எல்லாம் போன்லயே வரவழைச்சுக்கிட்டேன். வாசல்ல வச்சிட்டுப் போயிடுவாங்க, கதவைக்கூட உடனே திறக்க வேண்டாம்." உன் குரலில் ஒரு பெருமை இருந்தது. ராத்திரி தூக்கம் வராதபோது அந்தச் செயலியிடமே பேசிக்கொண்டிருந்தேன், அது சலிக்காமல் கேட்கும் என்றாய். எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அம்மா கேட்டதற்கு, ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்கும், பேரெல்லாம் தெரியாது என்றாய். அந்த வீட்டுக்குக் குடிபோய் இரண்டு வருஷம் ஆகிறது.

அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

இந்த வருஷம் நம் நிலத்தில் நாலு மா (மூணு மா ஒரு ஏக்கர்) நேரடி விதைப்பு, அஞ்சு மா நடவு. நடவுக்கு நம்மூரில் ஆள் கிடைக்கவில்லை, மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஆட்களை வைத்தோம். இப்போது டெல்டாவில் நிறைய ஊர்களில் அப்படித்தான். நம் பக்கம் காலங்காலமாகப் பெண்கள் இறங்கி நட்ட சேற்றில் அவர்கள் ஆம்பிளைகளாக வரிசை பிடித்து நடுகிறார்கள், வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். அதில் ஒரு பையன், இருபது வயசு இருக்கும், சாயங்காலம் நம் வாசலில் வந்து நின்றான். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நெற்றியைத் தொட்டுக் காட்டினான். அம்மா தொட்டுப் பார்த்தாள், அனலாகக் கொதித்தது. நொய்க்கஞ்சி வைத்து, நார்த்தங்காய் ஊறுகாயோடு கொடுத்து, திண்ணையிலேயே படுக்க வைத்தாள். இரண்டு நாள் கிடந்தான். மூன்றாம் நாள் காலையில் நாங்கள் எழுந்து பார்த்தால் மாட்டுத் தொட்டி நிறையத் தண்ணீர் அடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தான்.

நீ சொன்ன தேதியை வைத்து அம்மா எண்ணிப் பார்த்தாள். அதே வாரம்தான் நீயும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்திருக்கிறாய். உனக்கு அங்கே கன்னடம் ஓரளவு வருகிறது, இங்கிலீஷ் நன்றாகவே வருகிறது. அந்தப் பையனுக்கு ஒன்றும் வராது, ஆனால் எந்த வீட்டு வாசலிலாவது போய் நிற்கலாம், விரட்ட மாட்டார்கள் என்று தோன்றியிருக்கிறது. உனக்கு அது தோன்றவே இல்லையே, அந்தத் தைரியத்தை நாங்கள் உனக்குக் கொடுக்கத் தவறிவிட்டோமோ என்றுதான் நான் இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைமடை என்றால் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் மூன்று நாலு நாளில் கல்லணைக்கு வரும், அங்கே பிரிந்து, வெண்ணாற்றில் ஓடி, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் மறுபடி பிரிந்து, பாமணியாற்றில் விழுந்து, வழியில் இருக்கும் அத்தனை வாய்க்காலும் அத்தனை மடையும் குடித்தது போக மிச்சம்தான் நமக்கு. நமக்கும் கீழே முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் கடலும்தான். போர் போட்டால் உப்புத் தண்ணீர். அதனால் நம் வயலில் ஒரு நாற்று பச்சையாக இருக்கிறது என்றால், மேலே யாரோ ஒருத்தர் தன் மடையை அடைத்தார் என்று அர்த்தம். நான் இதைச் சின்ன வயசிலிருந்து பார்த்து வளர்ந்தவன். ஆனாலும் இது மனசில் உறைக்க 2012 வரை ஆனது.

வழக்கமாக ஜூன் 12 மேட்டூர் திறக்கும் நாள். அந்த வருஷம் செப்டம்பர் 17தான் திறந்தார்கள். குறுவை போயே போச்சு. சம்பாவுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். அப்போது நீ எட்டாவது படித்தாய். நம் மேல்வயல்காரர், நீ சித்தப்பா என்று கூப்பிடுவாயே, அவருக்கும் எனக்கும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. வரப்பை அரை அடி வெட்டிவிட்டார் என்று ஆரம்பித்த தகராறு, பஞ்சாயத்துவரை போய், எதிரெதிரே வந்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகும் நிலைமை. அன்று ராத்திரி அவர் முறை. விடிந்தால் வாய்க்காலில் தண்ணீர் நிற்காது, நம் நாற்றெல்லாம் மஞ்சள் பாரித்துக் கிடக்கிறது. நான் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தேன். போய்க் கேட்க வாய் வரவில்லை. நடுராத்திரி தாண்டி இரண்டு மணி இருக்கும், டார்ச் லைட் அடித்துக்கொண்டு அவர் வந்தார். என்மேல் வெளிச்சம் பட்டது, நம் வயல்மேல் பட்டது. கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் தன் மடையில் நாலு வெட்டு மண்ணைப் போட்டு அடைத்துவிட்டு, நம் பக்கம் அடைப்பை வெட்டி விட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். அவர் வயலில் அப்போது பாதிகூடப் பாயவில்லை.

மறுநாள் காலையில் எனக்கு அவரிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நன்றி என்றெல்லாம் நம் ஊரில் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்கிற பழக்கம் இல்லை, சொன்னால் அந்நியம் ஆகிவிடும். அவர் வீட்டு வாசலில் போய் நின்று, "மம்பட்டி ஒன்னு வேணும், என்னுது காம்பு ஒடிஞ்சுபோச்சு" என்றேன். ஒடியவில்லை என்று அவருக்குத் தெரியும், ராத்திரி என் தோளில் பார்த்திருக்கிறார். உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார். சாயங்காலம் ஒரு சுரைக்காயையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து மருந்தடிக்கிற மெஷின் கேட்டு அவர் நம் வீட்டுக்கு வந்தார், அவர் வீட்டு மெஷின் நன்றாகத்தான் ஓடும் என்று எனக்கும் தெரியும். இன்றுவரை அப்படித்தான் போகிறது. அந்த வருஷம் மழையும் ஏமாற்றி, இரண்டு பேர் வயலிலும் கால்வாசிகூடத் தேறவில்லை, அது வேறு விஷயம்.

ஒருத்தரிடம் போய் ஒன்று கேட்பதில் ஒரு கொடுத்தல் இருக்கிறது பாப்பா. உன் வீட்டுக்குள் வர, உன்மேல் உரிமை எடுத்துக்கொள்ள, நாளைக்கு உன்னிடம் ஒன்று கேட்க அவருக்கு நீ வழி விடுகிறாய். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் இருக்கிறேன் என்று நீ சொல்வது நல்ல குணத்தில் வருவதுதான், எனக்குத் தெரியும், நாங்கள் அப்படித்தான் வளர்த்தோம். ஆனால் எதிர் வீட்டில் இருப்பவர்களும் அதே நல்ல குணத்தோடு உன் கதவைத் தட்டாமல் இருக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு ராத்திரி உடம்பு சரியில்லாமல் போனால் அவர்களும் போனைத்தான் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. கூலியைக் கூட்டிக் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த பழைய தஞ்சாவூர் ஜில்லா இது. அடுத்தவர் தயவில்தான் பிழைக்க முடியும் என்ற நிலைமையில் பண்ணை வாசலில் கைகட்டி நின்றவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றைக்குத் திருப்பூரிலும் சென்னையிலும் யாரிடமும் எதையும் கேட்காமல் சம்பாதித்துச் சாப்பிடுகிறார்கள் என்றால், அது பெரிய விடுதலை. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. பயந்து கேட்பது வேறு. நான் சொல்வது, மறுத்தாலும் ஒன்றும் ஆகிவிடாது, ஆனாலும் உன்னிடம் கேட்கிறேன் என்று சமமாகப் போய் நிற்பதை. அது வருவதற்கு முன்னாலேயே எல்லாருக்கும் தனித்தனிக் கதவு வந்துவிட்டது.

மெஷினைப் பற்றிக் கேட்டாய். இங்கே அறுப்புக்கு மெஷின் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. முன்னே ஒரு வயலை அறுத்து, கட்டு கட்டி, களத்தில் அடித்துத் தூற்றுவதற்குள் இருபது முப்பது பேருக்கு முதுகு ஒடியும். இப்போது ஆத்தூர்ப் பக்கமிருந்து வரும் வண்டி மணிக்கணக்குக்கு வாடகை வாங்கிக்கொண்டு, டீ ஆறுவதற்குள் நெல்லைக் கொட்டிவிடுகிறது. நல்லதுதான். அந்த வேலையை நம்பியிருந்தவர்கள் கஷ்டப்பட்டார்கள், சிலர் ஊரை விட்டே போனார்கள், அதனால் உன் வேலையைப் பற்றி நீ பயப்படுவதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இன்னொன்றும் நடந்தது. அறுப்பு அன்றைக்குக் கூடும் கூட்டம் போய்விட்டது. யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம், யாருக்கு உடம்பு முடியவில்லை என்பதெல்லாம் களத்தில்தான் தெரியவரும். வேலையோடு சேர்த்து அதையும் மெஷின் அள்ளிக்கொண்டு போய்விட்டது, நாமும் அதைக் கவனிக்கவில்லை.

கஜா புயல் அடித்த 2018 நவம்பர் உனக்கு நினைவிருக்கும். தென்னை எல்லாம் சாய்ந்து, 22 நாள் நம் தெருவில் கரண்ட் இல்லை. அஞ்சு வீட்டுக்கு ஒரே அடுப்பு. ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து டேங்கில் தண்ணீர் ஏற்றினோம். காலேஜிலிருந்து வந்த நீ, விழுந்த மரங்களைப் பார்த்து அழுதுவிட்டு, ராத்திரி எல்லாரோடும் தெருவில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, "நம்ம தெரு இப்படி இருந்து நான் பார்த்ததே இல்லப்பா" என்றாய். கரண்ட் வந்த அன்றைக்கே அவரவர் வீட்டுக்குள் போய்விட்டோம். புயல் வேண்டுமென்று யாரும் ஆசைப்பட மாட்டார்கள். ஆனால் அந்த 22 நாளை நினைத்தால் இன்றும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

உன் செயலி சலிக்காமல் கேட்கும், நம்புகிறேன். நல்ல யோசனைகூடச் சொல்லும். ஆனால் உன்னோடு விழித்திருந்ததால் அதற்கு மறுநாள் கண் எரியாது, வேலை கெடாது. சித்தப்பாவுக்கு அன்று பாதி வயல் காய்ந்தது. அம்மா அந்தப் பையனுக்காக இரண்டு ராத்திரி எழுந்து எழுந்து பார்த்தாள், அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது, தூக்கம் கெட்டால் தலை சுற்றும். நாம எதுக்கு என்று கேட்டாயே, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒருத்தருக்காக இன்னொருத்தர் தன்னிடம் இருப்பதில் கொஞ்சம் இழக்கிறார், இழந்தவருக்கு அது வலிக்கவும் செய்கிறது, வாங்கியவருக்கு அது தெரிகிறது. இழப்பதற்கு ஒன்றுமே இல்லாத ஒன்றால் எப்படி இதைச் செய்ய முடியும் என்று எனக்குப் புரியவில்லை. அறிக்கை எழுதட்டும், எழுதிவிட்டுப் போகட்டும்.

நீ அங்கே குழாயில் பிடிக்கும் தண்ணீரும் காவிரிதான். நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து பம்பு வைத்து மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். திறந்தால் வருகிறது, இது யார் முறை என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அப்படியே இருக்கட்டும், நீ கஷ்டப்பட வேண்டாம். ஆனால் வேறு எதையாவது கேள். ஒரு கொத்துக் கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம், ஒரு குடை.

சரி, வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஒரு சிப்பம் தூயமல்லி அரிசி போட்டு அனுப்புகிறேன், 25 கிலோ. போன தையில் அறுத்தது, பழைய அரிசி, சோறு நன்றாக வரும். சனிக்கிழமை காலை அஞ்சரைக்கு வண்டி வந்துவிடும், ஆட்டோவில் ஏற்றிக்கொள். உன் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்று தெரியும். அஞ்சு கிலோ அஞ்சு கிலோவாகப் பிரித்து அனுப்பலாமே என்று அம்மா சொன்னாள், நான்தான் வேண்டாம் என்றுவிட்டேன். தனியாகத் தூக்காதே, இடுப்பு பிடித்துக்கொள்ளும். எதிர் வீட்டுக் கதவைத் தட்டு. மேலே ஏற்றியதும் அவர்களுக்கு ஒரு அஞ்சு கிலோ கொட்டிக் கொடு, குழந்தைக்குக் குழைய வடித்துக் கொடுக்கச் சொல்.

ஏற்றி வைத்துவிட்டு போன் பண்ணு. அவர்கள் பேர் என்ன என்று அம்மா கேட்பாள்.

அப்பா