ஆண்டறிக்கை 2024–25: மேப்பிள் நட்ட வருடம்

தலைவர் ஐயா அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்தக் குளிரிலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அறிக்கையைத் தமிழில்தான் வாசிக்க வேண்டும் என்று, தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் நம் காய்கறிச் சங்கம் போட்ட தீர்மானம் இன்னும் நடப்பில் இருக்கிறது. புரியாத இடத்தில் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும் ஆயாவைக் கேட்டுக்கொள்ளலாம். ஆயாவுக்கும் புரியவில்லை என்றால் என்னிடம் வாருங்கள், அது என் எழுத்தின் குற்றம்.

இந்த ஆண்டு மூத்த உறுப்பினர் இருவரை இழந்தோம். இருவருமே மார்க்கெட்டுக்குக் கீரை பயிர் செய்த குடும்பத்தில் பிறந்தவர்கள். அவர்கள் கொடுத்த முருங்கைக் குச்சி இன்று நம்மில் பாதிப்பேர் வீட்டில் மரமாக நிற்கிறது. ஒரு நிமிடம் எழுந்து நின்று அவர்களை நினைத்துக்கொள்வோம்.

செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. விதைப் பரிமாற்றம் இரண்டு முறை நடந்தது. பாகல் விதை எப்போதும் போல முதலில் தீர்ந்தது, எப்போதும் போல அதற்குச் சண்டையும் வந்தது. இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. இந்த வருடப் பேச்செல்லாம் மேப்பிள் மரத்தைப் பற்றியதுதான்.

காய்கறிச் சங்கத்துக்கு இந்த ஆசை எப்படி வந்தது என்று புதியவர்கள் கேட்கிறார்கள். 2024 மே மாதம் ஹில்டனில் உள்ள நம் அக்கா ஒருவர் வீட்டுக்குத் தோட்டம் பார்க்கப் போனோம். கீரைப் பாத்தியைக் காட்டத்தான் கூப்பிட்டார். ஆனால் வாசல் ஓரம் நின்ற ஜப்பானிய மேப்பிளைத் தாண்டி ஒருவரும் உள்ளே போகவில்லை. ஏழு விரல் விரித்த உள்ளங்கை மாதிரி இலை, மருதாணி சிவந்த கை மாதிரி நிறம். கீழே உதிர்ந்ததையும் பெருக்காமல் விட்டிருந்தார். நம் பொருளாளர் ஓர் இலையை எடுத்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டார். ஜூலை பொதுக்கூட்டத்தில், விரும்புகிறவர்கள் சேர்ந்து கன்று வாங்கலாம் என்று முடிவாயிற்று. 14 கன்றுகள் வாங்கினோம்.

நட்டது ஆடியில். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று தாத்தா சொன்னது ஊர் மழையை நம்பி. இங்கே ஆடி என்றால் வறண்ட குளிர்காலம், அப்போது மழையை நம்பி விதைக்க முடியாது. ஆனால் மேப்பிளுக்கு அந்தப் பழமொழி வேறொரு வழியில் பொருந்திப் போனது. ஜூன், ஜூலையில் இலை உதிர்த்து அது தூங்குகிறது, வேரைத் தொட அதுதான் சரியான நேரம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய வாரத்திலேயே பெரும்பாலான கன்றுகள் மண்ணுக்குள் போய்விட்டன.

போன மாதம் செயற்குழு வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. 14-இல் 3 செத்துவிட்டன. ஒன்று வேறு மரமாக மாறிவிட்டது, அதைப் பிறகு சொல்கிறேன். மீதி 10 உயிரோடு இருக்கின்றன. அதில் ஒன்றை உயிரோடு இருப்பதாகச் சொல்வது மரியாதைக்குத்தான்.

ஹில்டனிலும் ஹாவிக்கிலும் நட்ட ஐந்தும் நன்றாக இருக்கின்றன. டவுன் ஹில் மேட்டில் ஏறி 1,000 மீட்டர் உயரத்தைத் தாண்டிவிட்டால் மூடுபனியும் குளிர்ந்த இரவும் புளிப்பேறிய மண்ணும் கிடைக்கின்றன. மேப்பிள் கேட்பது இதைத்தான். அசேலியா நன்றாகப் பூக்கும் மண்ணில் மேப்பிளும் வரும் என்பது எளிய கணக்கு. அந்தக் கணக்கில் நம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் மண்ணுக்கும் குறையில்லை. இங்கே தொல்லை தருவது வெயில். ஊர் பள்ளத்தில் இருப்பதால் டிசம்பர், ஜனவரியில் மதிய வெயில் சட்டிக்குள் இருப்பது போல. அப்புறம் ஆகஸ்ட், செப்டம்பரில் உள்நாட்டிலிருந்து இறங்கும் பெர்க் காற்று. ஒரே மத்தியானத்தில் தளிரின் விளிம்பு தணலில் காட்டிய அப்பளம் மாதிரி சுருண்டு பழுப்பாகிவிடும். அப்படிச் சுருண்டால் நோய் என்று பயந்து மருந்து தெளிக்க வேண்டாம். வேர் அனுப்பும் தண்ணீரைவிடக் காற்று உறிஞ்சுவது அதிகம், அவ்வளவுதான் விஷயம். நம் ஊர் நார்த்டேல் பகுதியில் பிழைத்த மூன்றும் வீட்டின் கிழக்குப் பக்கம், காலை வெயில் மட்டும் படும் இடத்தில், தொட்டியில் இருப்பவை. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி சூடேறி வேரை வாட்டுகிறது என்று தெரிந்து மூன்றையும் மண் தொட்டிக்கு மாற்றிவிட்டார்கள்.

டர்பன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ள வேண்டாம். சாட்ஸ்வொர்த்தில் வைத்தது போய்விட்டது. ஃபீனிக்ஸில் வைத்ததுதான் நான் மரியாதைக்கு உயிரோடு இருப்பதாகச் சொன்னது. கடலோரத்தில் பனி விழுவதில்லை, மரம் சரியாகத் தூங்குவதில்லை, இலை நிறமும் மாறுவதில்லை. உங்களுக்கு மாமரம் இருக்கிறது. எங்களுக்கு அது உங்களைப் போல் காய்ப்பதில்லையே, நாங்கள் கோபித்துக்கொள்கிறோமா?

மூயி ரிவரில் நட்ட ஒன்றின் கதை தனி. அந்த ஊர் ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம். புரட்டாசி விரதம் தொடங்கிய அதே வாரம் கன்றில் செந்தளிர் விட்டிருக்கிறது. செப்டம்பர் 20, 21 தேதிகளில் பெய்த பனி எல்லோருக்கும் நினைவிருக்கும். வான் ரீனன் கணவாயில் N3 நெடுஞ்சாலை அடைபட்டு, லாரிகளும் கார்களும் இரவெல்லாம் அப்படியே நின்றனவே, அந்தப் பனிதான். தளிர் அத்தனையும் வெந்த கீரையாகத் தொங்கிவிட்டது. அண்ணன் எனக்குப் போன் செய்து, பிடுங்கிப் போட்டுவிடவா என்று கேட்டார். பொறுங்கள் என்றேன், தைரியமாக அல்ல, வேறு பதில் தெரியாமல். நான்கு வாரத்தில் கணுவில் ஒளிந்திருந்த மொட்டுகள் மறுபடி துளிர்த்தன. தூங்கும் மரத்தைப் பனி ஒன்றும் செய்வதில்லை, விழித்த தளிரைத்தான் சுடுகிறது. இந்த முறை தளிர்க்கும் காலத்தில் இரவில் போர்த்த ஒரு பழைய சேலை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

இனி செத்தவற்றில் சாட்ஸ்வொர்த் போக மீதி இரண்டு. ஒன்று கோழி எருவால் செத்தது. அதை வைத்தவர் பெயர் வேண்டாம், எதற்கும் கோழி எருதான் மருந்து என்று நம்புகிறவர். பச்சை எருவைக் குழி நிறையக் கொட்டினால் முட்டைக்கோஸ் தாங்கலாம், மேப்பிளின் மெல்லிய வேர் கருகிவிடும். அதன் வேர் மேலாகப் படர்வது. மக்கிய இலையோ பைன் பட்டையோ ஐந்தாறு சென்டிமீட்டர் மூடாக்குப் போட்டு, அதையும் தண்டைத் தொடாமல் விலக்கி வைத்தால் போதும்.

இன்னொன்று என்னுடையது. செயலாளரே இப்படிச் செய்தால் என்று நீங்கள் சிரிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பின்னால் என் மாமியார் பல வருடம் கத்தரியும் மிளகாயும் தக்காளியும் போட்ட பாத்தி. நல்ல மண், நிழலும் உண்டு. அதில்தான் வைத்தேன். ஜனவரி வரை அழகாக இருந்தது. பிப்ரவரியில் ஒரு பக்கக் கிளை மட்டும் வாடியது. தண்ணீர் போதவில்லை என்று ஊற்றினேன். அடுத்த வாரம் பக்கத்துக் கிளை. விவசாயத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஐயா வந்தார். வாடிய கிளையைப் பேனாக்கத்தியால் சாய்வாகச் சீவி என் கண்ணுக்கு நேரே பிடித்தார். பட்டைக்கு உள்ளே வெளுப்பாக இருக்க வேண்டிய மரத்தில் ஆலிவ் பச்சையும் பழுப்புமாகக் கோடு கோடாக ஓடியது. "இங்க முன்னாடி என்ன போட்டிருந்தீங்க?" என்று கேட்டார். கத்தரி என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

அதன் பெயர் வெர்டிசிலியம் வாடல். மண்ணில் வாழும் பூஞ்சை, வேர் வழியாக ஏறித் தண்ணீர்க் குழாய்களை அடைத்துவிடுகிறது. கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெர்ரி எல்லாம் அதற்குப் பிடித்தவை, மேப்பிளும் அப்படியே. செடியைப் பிடுங்கிய பிறகும் அது பல வருடம் மண்ணில் காத்திருக்கும். மருந்து கிடையாது. நம் சங்கத்தில் கத்தரிப் பாத்தி இல்லாத வீடு எது? அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். அந்த இடத்தில் இப்போது சோளம் போட்டிருக்கிறேன், அதை இந்தப் பூஞ்சை தொடாது.

வேறு மரமாக மாறிய கன்று பொருளாளருடையது. சிவப்பு இலை வரும் 'பிளட்குட்' ரகம் என்று சீட்டுக் கட்டியிருந்தது. மற்றவர்கள் கொடுத்த விலையில் பாதிதான் கொடுத்தேன் என்று நம்மிடமெல்லாம் பெருமைப்பட்டாரே, அதுதான். வாங்கிய இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். விதையிலிருந்து வரும் மேப்பிள் தாயைப் போலவே இருக்கும் என்ற உறுதியில்லை, ஆகவே நல்ல ரகங்களை நாற்றின் மேல் ஒட்டுக்கட்டித்தான் விற்கிறார்கள். இவருடைய கன்றில் மேலே இருந்த ஒட்டு கோடையில் காய்ந்துவிட, கீழே இருந்த நாற்று வேகமாகக் கிளைவிட்டது. சிவப்புக்குக் காத்திருந்தவர் வீட்டில் பச்சை மேப்பிள். வாங்கும்போது தண்டின் அடியில் ஒட்டின் வடுவைத் தேடுங்கள், லேசான வளைவு இருக்கும். அதற்குக் கீழே கிளைக்கும் எதையும் உடனே கிள்ளிவிடுங்கள். பொருளாளர் மட்டும் தன் பச்சை மரத்தை வெட்ட மாட்டேன் என்கிறார். மே மாதம் அது மஞ்சளாகி உதிர்ந்ததும் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் கூட்டத்தில் நம் ஆசிரியை அக்கா இந்த மரத்தின் பெயர்க் கதையைச் சொன்னார். ஏசர் பால்மாட்டம் என்று இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் கார்ல் பீட்டர் தன்பெர்க், தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் மாணவர், ஸ்வீடன்காரர். அந்நாளில் ஜப்பான் ஐரோப்பியரில் டச்சுக்காரரை மட்டுமே உள்ளே விட்டது. ஆகவே டச்சு பேசிப் பழகுவதற்காகவே அவர் 1772-இல், டச்சுக்காரர் வசம் இருந்த நம் கேப் பகுதிக்கு வந்து மூன்று வருடம் தங்கி, நம் நாட்டுச் செடிகளையெல்லாம் சேகரித்துவிட்டு 1775-இல் ஜப்பான் போனார். பால்மாட்டம் என்றால் உள்ளங்கை போன்றது என்று பொருள். ஜப்பானியர் சொல்லும் 'கயேதே' தவளைக் கையிலிருந்து வந்ததாம். நம் வேலியில் படரும் கறுப்புக் கண் மஞ்சள் பூக்கொடி தன்பெர்ஜியாவும் இவர் பெயரைத் தாங்கியதுதான்.

அடுத்தது கொஞ்சம் கவலையான செய்தி. மே மாதம் கூடத்துக்குப் பின்னால் நின்ற பாக்ஸ் எல்டர் மரத்தில் துளைகள் கண்டோம். பால்பாயின்ட் பேனா முனையளவு துளை, சுற்றிலும் எண்ணெய் கசிந்தது போல ஈரக்கறை. இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள கறுப்பு வண்டின் வேலை இது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. இந்த நாட்டில் முதலில் கண்டறியப்பட்டதே நம் ஊர்த் தாவரவியல் பூங்காவின் பிளேன் மரத்தில்தான், 2017-இல். அது மரத்தைத் தின்பதில்லை. துளைக்குள் ஒரு பூஞ்சையைப் பயிர் செய்து அதைத் தின்கிறது. நாமும் விவசாயிகள்தானே என்று தலைவர் ஐயா சொன்னார், ஆனால் மரம் செத்துப்போகிறது. பாக்ஸ் எல்டரும் மேப்பிளில் ஒரு வகைதான். ஜப்பானிய மேப்பிளிலும், அவகாடோவிலும், ஆமணக்கிலும்கூட இந்த வண்டு குடியேறிக் குஞ்சு பொரிக்கும். மரத்தை வெட்டி, அங்கேயே தூளாக்கினோம். தயவுசெய்து அந்த மாதிரி விறகை, இறைச்சி சுடும் பிராய்க்கு என்று பக்கி வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகாதீர்கள். வண்டுக்கு நாம்தான் வாகனம்.

புனித வெள்ளித் தீமிதி முடிந்த மறுவாரம் ஹில்டனுக்கு மறுபடி போனோம். இந்த முறை கீரைப் பாத்தியையும் பார்த்தோம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மேப்பிள் கன்றுக்குச் சங்கப் பணம் ஒரு ரேண்டுகூடச் செலவாகவில்லை, அவரவர் பணம்தான். மரம் வெட்டிய செலவு மட்டும் சங்கத்தினுடையது. மேலும் கன்று வேண்டுகிறவர்கள் இன்றே பெயர் கொடுத்தால் ஆடி முடிவதற்குள் நட்டுவிடலாம். எங்கே வைக்கப் போகிறீர்கள், அங்கே முன்பு என்ன இருந்தது என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கூடத்து வாசலில் உள்ள தொட்டி மேப்பிள், இப்போது வெறும் குச்சியாக நிற்கிறதே, அதற்கும் தண்ணீர் வேண்டும். மழையில்லாத மாதத்தில் தொட்டி மண் காய்ந்தால் தூக்கத்திலேயே செத்துவிடும். வாரம் ஒருவர் என்று முறை போட்டு அட்டவணை ஒட்டியிருக்கிறேன். ஆகஸ்ட் மூன்றாவது வாரம் மட்டும் காலியாக இருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்